ஸ்லைடிங் ஹெட் லேத்தில் 58 மி.மீ. மெல்லிய தண்டு: இரண்டாவது ஓட்டத்தில் ஏன் கெடுகிறது?

புதுக்கை_செட்டர்

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடம் சாதாரண சி.என்.சி. லேத்தில் வேலை பார்த்தவன் நான். பாரைப் பிடித்த ஹெட்டே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் ஹெட் மெஷினுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கன்ட்ரோல், புரோகிராம் எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் ஒரு வேலை மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

பாகம் இதுதான். 316எல் ஸ்டெயின்லெஸ், 4 மி.மீ. பார். முன்முனையில் 6 மி.மீ. நீளத்துக்கு எம்2 திரெட் (2 மி.மீ. மரை). அதற்குப் பின்னால் 52 மி.மீ. நீளத் தண்டு, விட்டம் 2.50, மேலே பூஜ்யம், கீழே 10 மைக்ரான் டாலரன்ஸ். கடைசியில் 3.8 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. தடிமன் தலை. அவ்வளவுதான். பார்த்தால் குண்டூசி மாதிரி எளிய வேலை.

பழைய லேத்தில் செய்வது போலவே புரோகிராம் எழுதினேன். முதலில் 58 மி.மீ. முழுவதையும் 3.0க்கு ரஃப் ஓட்டம். அப்புறம் ஹெட்டைப் பின்னால் இழுத்து, ஃபினிஷ் டூலை வைத்து 2.5க்கு ஒரே ஓட்டம். பிறகு திரெட், கடைசியில் கட்-ஆஃப், அதாவது பாகத்தைப் பாரிலிருந்து வெட்டிப் பிரிப்பது.

வருவது என்னவென்றால், முன்பக்கம் சுமார் 40 மி.மீ. வரை வரிவரியாகத் தடம் விழுகிறது. விட்டம் 2.6க்கு மேல் போகிறது, இடத்துக்கு இடம் மாறுகிறது. தலைக்குப் பக்கத்தில் கடைசி 17, 18 மி.மீ. மட்டும் பளபளவென்று வருகிறது, அளவும் சரியாக இருக்கிறது. இன்னொன்று, ஃபினிஷ் ஓட்டத்தின் நடுவில் ஒவ்வொரு பாகத்துக்கும் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்பிண்டில் பேரிங் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அதோடு, ஒரு பார் முடிந்து அடுத்த பார் ஏறினால், அந்த நல்ல 17 மி.மீ. பகுதியிலும் விட்டம் 10 மைக்ரான்வரை தாவுகிறது. ஆஃப்செட் (கன்ட்ரோலில் டூல் நிலையைத் திருத்தும் எண்) போட்டு ஓட்டினால் அதற்கடுத்த பாரில் வேறு பக்கம் போகிறது.

இன்சர்ட் மாற்றிவிட்டேன், வேகம் மாற்றிவிட்டேன், டூல் சென்டர் உயரம் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?

லேத்_பிரியன்

316எல் ஒட்டிக்கொள்ளும் உலோகம். வேகத்தைக் குறைத்து, ஃபினிஷ் ஓட்டத்தில் 0.1 மி.மீ. மட்டும் எடுத்துப் பாருங்கள். சாதாரண லேத்தில் மெல்லிய தண்டுக்கு நான் அப்படித்தான் செய்வேன். மூக்கு ஆரம் 0.4 இன்சர்ட் போட்டால் ஃபினிஷும் நன்றாக வரும்.

பழைய_கேம்_செட்டர்

தம்பி, பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பயப்படாதீர்கள். ‘டக்’ சத்தத்தை எழுதினீர்களே, அதிலேயே முழுப் பதிலும் இருக்கிறது.

மெஷினை நிறுத்திவிட்டு டூலுக்கு ஒட்டிப் பாரைத் தாங்கும் உங்கள் கைடு புஷ்ஷைக் கழற்றி, பாரைப் பிடிக்கும் உள்துளையின் நீளத்தை அளந்து பாருங்கள். 20 மி.மீ. அல்லது அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பாகத்தில் நன்றாக வரும் பகுதி 17, 18 மி.மீ. இரண்டும் ஒரே சங்கதி.

நடப்பதைச் சொல்கிறேன். சாதாரண லேத்தில் பார் நிற்கும், டூல் நீளவாக்கில் நடக்கும். இந்த மெஷினில் டூல் நீளவாக்கில் நகர்வதில்லை. புஷ் முகத்துக்கு முன்னால் ஒன்று, இரண்டு மி.மீ. தள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது. உள்ளே வெளியே மட்டும் போகும். ஹெட்ஸ்டாக்தான் காலட்டில் பாரைக் கவ்விக்கொண்டு, சுழற்றியபடியே முன்னால் தள்ளுகிறது. 58 மி.மீ. நீளம் வெட்டினாலும் 200 மி.மீ. வெட்டினாலும், வெட்டு விழும் இடத்துக்கும் பிடிமானத்துக்கும் நடுவே இருப்பது எப்போதும் அந்த ஒரு மி.மீ.தான். வெட்டி முடித்த மெல்லிய பகுதி முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அதன்மேல் எந்த விசையும் இல்லை, அது ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும்.

நீங்கள் ரஃப் முடித்து ஹெட்டை 58 மி.மீ. பின்னால் இழுத்தீர்கள். இப்போது 4 மி.மீ. துளையுள்ள புஷ்ஷுக்குள் இருப்பது 3 மி.மீ. கம்பி. சுற்றிலும் அரை மி.மீ. வெற்றிடம். உங்கள் 4 மி.மீ. பகுதி புஷ்ஷை விட்டுப் பின்பக்கமாக முழுசாக வெளியே வந்துவிட்டது. ஃபினிஷ் டூல் தொடும்போது அந்தக் கம்பிக்குப் புஷ்ஷில் பிடிமானமே இல்லை, பின்னால் எங்கோ இருக்கும் காலட்டிலிருந்து அந்தரத்தில் தொங்குகிறது. அதனால் தடம் விழுகிறது, விட்டம் பெருக்கிறது. ஹெட் முன்னால் வர வர, சுமார் 38 மி.மீ. தாண்டியதும் 4 மி.மீ. தோள்பட்டை மறுபடி புஷ்ஷின் பின்வாயில் நுழைகிறது. அந்த இடத்தில்தான் ‘டக்’. இரண்டு மூன்று மி.மீ. உள்ளே போனதும் புஷ் பிடித்துக்கொள்கிறது, அதிலிருந்து தலைவரை பளபளப்பு.

இது வரை அது நுழைந்துகொண்டிருப்பது உங்கள் நல்ல நேரம். ஒருநாள் நுழையாமல் விளிம்பில் முட்டினால் பார் வளையும், புஷ்ஷின் கார்பைடு உடையும். இன்றே அந்தப் புரோகிராமை நிறுத்திவிடுங்கள்.

ஒரு கணக்கும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதை மனசார நம்பினால்தான் பழைய பழக்கம் போகும். ஒருபக்கம் மட்டும் பிடித்த கம்பியின் நுனியில் பக்கவாட்டில் அழுத்தினால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு ஏறும், விட்டத்தின் நான்மடிக்கு இறங்கும். 3 மி.மீ. விட்டம், 58 மி.மீ. நீளம், ஸ்டெயின்லெஸ், 20 நியூட்டன் விசை. அதாவது இரண்டு கிலோ எடை வைத்தது போல. வளைவு ஏறத்தாழ 1.7 மி.மீ. வரும். உங்கள் டாலரன்ஸ் 10 மைக்ரான்! அரை மி.மீ. வளைந்ததும் கம்பி புஷ் சுவரில் முட்டி நிற்கிறது, அதனால்தான் உங்களுக்கு அதற்குமேல் போகவில்லை. அதே விசையை ஒரு மி.மீ. தூரத்தில் கொடுத்தால் கணக்குப்படி வளைவு கிட்டத்தட்ட இரண்டு லட்சம் மடங்கு குறைகிறது. அவ்வளவு குட்டை நீளத்துக்கு அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது என்பது வேறு விஷயம். அந்த நிலையில் கம்பியின் வளைவு ஒரு பொருட்டே இல்லை, புஷ்ஷுக்கும் பாருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பெரிசு. அதற்கு அடுத்து வருகிறேன்.

லேத்_பிரியன் சொன்னது சாதாரண லேத்துக்குச் சரியான புத்தி. இங்கே தலைகீழ். இங்கே ஆழமாக வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். 4.0லிருந்து 2.5க்கு ஒரே ஓட்டத்தில் போங்கள். ஆரத்தில் 0.75 மி.மீ. ஆழம்தான். கூரிய, கிரைண்ட் செய்த விளிம்புள்ள இன்சர்ட்; மூக்கு ஆரம் 0.1 அல்லது அதிகபட்சம் 0.2. 0.4 மூக்கு வேண்டாம், அது பாரைப் பக்கவாட்டில் தள்ளும். அதிலும் வெட்டின் ஆழம் மூக்கு ஆரத்தைவிடக் குறைவாக இருந்தால் டூல் வெட்டுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். 316எல் அப்படித் தேய்த்தால் மேல்தோல் இறுகிப்போய் அடுத்த வெட்டையும் கெடுக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 70 மீட்டர் என்று வைத்தால் 4 மி.மீ. பாருக்குச் சுமார் 5,500 சுற்று. ஃபீடு சுற்றுக்கு 0.03. 58 மி.மீ. ஓட 21 விநாடி. இரண்டு ஓட்டத்துக்கு நீங்கள் எடுத்த நேரத்தைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

ஒரே டூலில் ஃபினிஷ் போதவில்லை என்றால், உங்கள் மெஷினில் பாருக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு டூல் வரிசை இருக்கிறதா பாருங்கள். ரஃப் டூல் ஒரு பக்கம், ஃபினிஷ் டூல் எதிர்ப்பக்கம், ரஃப்புக்கு ஒரு மி.மீ. முன்னால் தள்ளி. இரண்டும் சேர்ந்தே வெட்டும். ஹெட் ஒரே ஒரு தடவை முன்னால் வரும். ஆக விதி மாறவில்லை: பின்னால் போகாமல் முடிக்க வேண்டும்.

திரெட்டை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? அதுதான் முதல் வேலை. முன் 6 மி.மீ.யை எம்2 திரெட்டுக்கான விட்டத்துக்கு வெட்டுங்கள், உடனே திரெட்டைப் போட்டு முழுசாக முடித்துவிடுங்கள். திரெட்டுக்குப் பல ஓட்டம் வேண்டும், ஹெட் முன்னும் பின்னும் போகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பின்வாங்கல் ஏழு, எட்டு மி.மீ.தான். புஷ் 20 மி.மீ. பிடிக்கும் இடத்தில் மீதி 12 மி.மீ.யில் முழு விட்டப் பார் இருக்கிறது, அது போதும். திரெட் முடிந்த பிறகு தண்டு, அப்புறம் தலை, அப்புறம் கட்-ஆஃப். முன்னாலிருந்து பின்னால், ஒவ்வொரு இடத்தையும் கடக்கும்போதே முடித்துவிட்டுப் போவது.

நான் கேம் ஆட்டோமேட்டிக்கில், அதாவது கன்ட்ரோல் இல்லாமல் கேம் என்ற வளைவுத் தட்டுகளே எல்லாவற்றையும் நகர்த்தும் பழைய மெஷினில், தொழில் கற்றவன். அதில் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பாகம் விழும். ஹெட்டை முன்னால் தள்ளுவதற்கு ஒரு கேம், ஒவ்வொரு டூலுக்கும் ஒரு கேம். 360 பாகையைப் பங்குபோட்டுக் கொடுக்க வேண்டும். ஹெட் பின்னால் போனால் அதற்கும் பாகை செலவாகும், அந்தப் பாகையில் எதுவும் வெட்ட முடியாது. அதனால் காகிதத்தில் கேம் வரையும்போதே, முன்னால் மட்டுமே போகிற மாதிரி யோசிக்கக் கை பழகிவிடும். இப்போது கன்ட்ரோலில் ஹெட்டைப் பின்னால் இழுப்பது ஒரே ஒரு வரி. சுலபமாக இருப்பதால் எல்லோரும் இழுத்துவிடுகிறார்கள்.

இந்த மெஷினின் மூலமே அதுதான். 1870களில் சுவிட்சர்லாந்தில் யாக்கோப் ஷ்வைட்சர் என்பவர் ஹெட்டையே நகரவைத்து வெட்டும் யோசனையைக் கொண்டுவந்தார். பாக்கெட் கடிகாரங்களுக்குள் போகும் குட்டி அச்சுகளும் திருகுகளும்தான் அன்றைய தேவை. பிறகு மூட்டியே என்ற ஊரில் இந்த வகை மெஷின் கட்டும் தொழில் வேரூன்றியது. டோர்னோஸ், பெக்லர், பீட்டர்மான் என்று மூன்று பெயர்களும் அந்த ஒரே ஊரிலிருந்து வந்தவை. தலைமுடி கனமுள்ள முனையை டூல் தொட வேண்டுமென்றால் முடியைத் தொடும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும் என்று அவர்கள் கண்டதைத்தான் நாம் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாருக்குப் பார் அளவு மாறுவது தனிக் கதை. என்ன பார் வாங்குகிறீர்கள்? கிரைண்ட் செய்ததா, இல்லை அச்சுத்துளை வழியே இழுத்து மட்டும் அளவாக்கிய இழுத்த பாரா?

புதுக்கை_செட்டர்

ஐயா, புஷ்ஷைக் கழற்றி அளந்தேன். சரியாக 20 மி.மீ.! அளந்ததும் உங்கள் பதிலைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். பின்வாயில் ஒரு பக்கம் விளிம்பு லேசாக நசுங்கிப் பளபளவென்று இருக்கிறது. அது அந்தத் தோள்பட்டை இடித்த இடம்தான் போல.

பார் இழுத்த பார்தான். அளவுத் தரம் எச்9 என்று சான்றிதழில் இருக்கிறது. கிரைண்ட் செய்த பார் விலை அதிகம் என்று ஸ்டோரில் சொல்லிவிட்டார்கள்.

அளவுக்கட்டை

நான் அளவு சோதிக்கும் பகுதியில் இருக்கிறேன், மெஷின் ஓட்டுவதில்லை. ஆனால் பார் பற்றி ஒன்று சொல்லலாம். 4 மி.மீ. விட்டத்துக்கு எச்9 என்றால் பூஜ்யத்திலிருந்து கீழே 30 மைக்ரான்வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எச்6 என்றால் வெறும் 8 மைக்ரான். ஒரு கட்டில் பத்துப் பாரை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரு முனை, நடு என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே திருப்பி இரண்டு அளவு மைக்ரோமீட்டரில் எடுங்கள். இழுத்த பாரில் லேசான முட்டை வடிவமும் தெரியலாம். அறுபது எண்களையும் எழுதி ஸ்டோரில் காட்டுங்கள்.

பழைய_கேம்_செட்டர்

அளவுக்கட்டை சொன்னதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். இந்த மெஷினில் பாரின் வெளிவிட்டம்தான் உங்கள் பேரிங். அது ஓடும் அச்சு எப்படியோ, அப்படித்தான் உங்கள் பாகமும். 10 மைக்ரான் டாலரன்ஸ் வேலைக்கு 30 மைக்ரான் அலையும் பாரை வைத்தால், ஒரு பார் புஷ்ஷில் தளர்வாகவும் அடுத்த பார் இறுக்கமாகவும் ஓடும். தளர்ந்த பாரை டூல் அந்தப் பக்கம் தள்ளும். இடைவெளி 10 மைக்ரான் என்றால் விட்டத்திலும் அதே அளவுவரை தாவலாம். உங்கள் எண்ணும் அதுதான். ஆஃப்செட்டால் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

இறுகிய பக்கம் இன்னும் மோசம். தொழிலில் மூன்றாவது வருடம், ராத்திரி ஷிஃப்ட். இழுத்த பார்தான், இதே மாதிரி ஸ்டெயின்லெஸ். முதல் பாருக்கு ஏற்றபடி புஷ்ஷை இறுக்கி அருமையாக ஓட்டிவிட்டு, சாப்பிடப் போனேன். ஏறிய இரண்டாவது பார் பருத்த பார். திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது வாசனை, எண்ணெய் கருகும் வாசனை. பார் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. காலட் அதன்மேல் வழுக்கி வழுக்கிச் சுற்றியிருக்கிறது. கார்பைடு நீளவாக்கில் பிளந்திருந்தது, பாரின்மேல் உரித்த மாதிரி காயம். அன்றைக்குப் புஷ், காலட், ஒரு பார், ஒரு ஷிஃப்ட் எல்லாம் போனது. அதன்பிறகு எந்தப் பாரையும் அளக்காமல் ஃபீடரில் போட்டதில்லை.

புஷ்ஷை எப்படிச் சரிசெய்வது என்று யாராவது உங்களுக்கு உட்கார்ந்து காட்டினார்களா? பெரும்பாலும் காட்டுவதில்லை. எழுத்தில் முடிந்தவரை சொல்கிறேன்.

ஓட்டப்போகும் பாரிலிருந்தே ஒரு சாண் நீளம் வெட்டி எடுங்கள். வேறு கம்பி கூடாது, கேஜ் பின்னும் கூடாது. இரு முனையிலும் விளிம்பை உடைத்து, பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு) ஒரு துளியும் இல்லாமல் சாணைக்கல்லில் தேயுங்கள். புஷ்ஷின் உள்ளேயும் துண்டின்மேலும் இருப்பதை நன்றாகத் துடைத்துவிட்டு, மெஷினில் ஓடும் அதே எண்ணெயைத் தடவுங்கள். நட்டைத் தளர்த்தித் துண்டை நுழையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து, சுழற்றிக்கொண்டே முன்னும் பின்னும் இழுங்கள். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, கலகலவென்று போகும். நட்டைத் துளித்துளியாக இறுக்குங்கள். கடிகார முள் ஒரு நிமிடம் நகர்வது போல. ஓர் இடத்தில் விரலுக்கு எண்ணெய் தெரியும். நல்ல மைப்பேனாவின் மூடியைக் கழற்றும்போது காற்று லேசாக இழுக்குமே, அந்த இழுவை. உரசல் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். திரும்பத் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து வாருங்கள். இழுவை வந்த இடத்தில் துண்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்தால் பார் வட்டமாக இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஸ்பிண்டிலை மெதுவாகச் சுற்றவிட்டு, எண்ணெய் ஓடவிட்டு, புஷ் முகத்தில் கையை வைக்காமல் வெப்பமானியால் சூடு பாருங்கள். சுற்றைப் படிப்படியாக ஏற்றுங்கள். சூடு ஏறிக்கொண்டே போனால் இறுக்கம் அதிகம்.

உங்கள் மெஷினில் இருப்பது சுழலும் புஷ்ஷாகத்தான் இருக்கும், பாரோடு சேர்ந்தே சுற்றுவது. நிலையான புஷ்ஷும் உண்டு. அது சுற்றாது, பார் அதற்குள் சுற்றிக்கொண்டே வழுக்கும். சுழல்வதில் பேரிங்கின் ஆட்டமும் சேர்வதால் மிகத் துல்லியமான சின்ன வேலைக்கு நிலையானதைப் பலர் விரும்புவார்கள். ஆனால் ஸ்டெயின்லெஸ், டைட்டானியம் மாதிரி ஒட்டும் உலோகம் அதிக வேகத்தில் சுற்றினால் அதில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். உங்கள் வேலைக்குச் சுழல்வதே இருக்கட்டும்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மெஷின்களில் தண்ணீர் கலந்த கூலன்டுக்குப் பதில் சுத்த எண்ணெயே பெரும்பாலும் ஓடுவது, அது வெட்டுக்கு மட்டுமல்லாமல் புஷ்ஷுக்கும் மசகாக இருப்பதால்தான். ஆனால் எண்ணெய் தீப்பிடிக்கும். கட்-ஆஃப் டூல் உடைந்து பார் தேய்ந்துகொண்டிருந்தால் புகை நெருப்பாகிவிடும். டூல் உடைவதைக் கண்டுபிடிக்கும் வசதியை ஒருபோதும் அணைத்து வைக்காதீர்கள். ஆளில்லாமல் ஓட்டுவதாக இருந்தால் தானாக அணைக்கும் தீயணைப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

லேத்_பிரியன்

தவறான யோசனை சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். எனக்கும் இது புதுப் பாடம். ஒரு சந்தேகம்: பாகம் குட்டையாக இருந்தாலும் புஷ் வைத்துத்தான் ஓட்ட வேண்டுமா? பாரின் கடைசித் துண்டு மிச்சமாகிறதே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பழைய_கேம்_செட்டர்

மன்னிப்பெல்லாம் எதற்கு. நல்ல கேள்வி.

வேண்டியதில்லை. நீளம் விட்டத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்குக்குள் இருந்தால் புஷ்ஷைக் கழற்றிவிட்டுக் காலட்டை முன்னால் கொண்டுவந்து ஓட்டலாம். இப்போது வரும் பல மெஷின்களில் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அப்படி ஓட்டினால் இழுத்த பாரே போதும், கிரைண்ட் செய்த பார் தேவையில்லை. ஹெட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் இழுக்கலாம். மிச்சத் துண்டும் மிகக் குறைவு.

புஷ் இருந்தால் காலட்டுக்கும் டூலுக்கும் நடுவே உள்ள தூரம் முழுக்க மிச்சம்தான், 200 மி.மீ. அல்லது அதற்கும் மேல் போகும். தம்பியின் பாகம் 60 மி.மீ., கட்-ஆஃப் அகலம் 2 மி.மீ. மூன்று மீட்டர் பாரில் 200 போனால் 45 பாகம் வரும். அந்த 200 மி.மீ. கழிவு என்று நினைக்காதீர்கள், 45 பாகத்தை நேராகப் பிடித்துக் கொடுத்த கை அது. குட்டையான வேலையில் மட்டும் அந்தச் செலவைத் தவிருங்கள்.

புதுக்கை_செட்டர்

நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

அறுபது அளவுகளையும் எடுத்தேன். பத்துப் பாரில் மிகப் பருத்ததுக்கும் மெலிந்ததுக்கும் வித்தியாசம் 19 மைக்ரான். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். கிரைண்ட் செய்த எச்6 பார் ஒரு கட்டு வந்துவிட்டது.

புதுப் புஷ் போட்டு, நீங்கள் சொன்ன மாதிரி துண்டை வைத்துச் சரிசெய்தேன். முதல் தடவை அந்த இழுவை எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று தடவை உரசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நாலாவது தடவை விரலுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பேனா மூடியைக் கழற்றிப் பார்த்தேன், அதே இழுவைதான்.

புரோகிராமைத் தலைகீழாகத் திருப்பி எழுதினேன்: திரெட் முதலில், தண்டு ஒரே ஓட்டம், தலை, கட்-ஆஃப். ‘டக்’ சத்தம் போயே போச்சு. ஒரு பார் முழுக்க 44 பாகம் (ஒன்று செட்டிங்கில் போனது), எல்லாம் 2.493லிருந்து 2.497க்குள். அடுத்த பார் ஏறியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். 2.495.

இரண்டு சின்னப் பிரச்சினை பாக்கி. ஒன்று, வெட்டும்போது சில்லு நூல் மாதிரி நீளமாக வந்து தண்டைச் சுற்றிக்கொள்கிறது, சில சமயம் கீறல் விழுகிறது. இரண்டாவது, காலையில் மெஷினைப் போட்டதும் முதல் இருபது பாகத்தில் விட்டம் நாலைந்து மைக்ரான் மெல்ல நகர்கிறது, நீளமும் மாறுகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது.

பழைய_கேம்_செட்டர்

44 பாகம், நாலு மைக்ரானுக்குள். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. இழுவை விரலுக்குத் தெரிந்துவிட்டது என்றீர்களே, அது இனி போகாது.

சில்லுக்கு வருவோம். 316எல் அப்படித்தான், உடையாது, சுருளும். ஆழத்தைக் குறைக்காமல் ஃபீடைக் கொஞ்சம் ஏற்றி, 0.04 வைத்துப் பாருங்கள். சில்லு தடித்தால் இன்சர்ட்டின் பள்ளத்தில் மோதி உடைய வாய்ப்பு வரும். அதிக அழுத்த எண்ணெய்க் குழாய் இருந்தால் டூல் முனைக்கு நேராகத் திருப்புங்கள். உங்கள் கன்ட்ரோலில் ஹெட்டைச் சுழற்சியோடு இசைந்து முன்னும் பின்னும் நுண்ணியதாக அதிரவைத்து வெட்டும் வசதி இருந்தால், சிட்டிசன் மெஷின்களில் எல்.எஃப்.வி. என்று வருவது, அதைப் போடுங்கள். டூல் நொடிக்குப் பல தடவை காற்றில் வந்து போவதால் சில்லு தானாகத் துண்டு துண்டாகும். அந்தப் பின்வாங்கல் ஒரு மி.மீ.யில் சின்னப் பங்குதான், புஷ்ஷுக்கு ஆபத்தில்லை. ஆனால் நேரம் கூடும், டூல் முனையும் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும்.

சப்-ஸ்பிண்டில், அதாவது எதிரே இருந்து பாகத்தை வாங்கிப் பிடிக்கும் இரண்டாவது ஸ்பிண்டில் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தலையின் பின்முகத்தை அங்கேதான் வெட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலட் திரெட்டைத் தொடாமல் தண்டை மட்டும், தலைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே கவ்வ வேண்டும். உள்ளே 58 மி.மீ. நுழையும் அளவுக்குத் துளை ஆழமாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும். ஒரே ஒரு சில்லு உள்ளே தங்கினால் தண்டு வளைந்துதான் வெளியே வரும், அளவு சரியாக இருந்தாலும் கண்ணாடித் தட்டில் உருட்டினால் தள்ளாடும். பத்துக்கு ஒன்று உருட்டிப் பாருங்கள்.

காலை நேரத்து நகர்வில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. 316எல் ஒரு மீட்டருக்கு ஒரு பாகை சூட்டில் சுமார் 16 மைக்ரான் விரியும். பாகம் இருபது பாகை சூடாக இருக்கிறது என்று வையுங்கள். 2.5 மி.மீ. விட்டத்தில் அது ஒரு மைக்ரான்கூட இல்லை. ஆனால் 60 மி.மீ. நீளத்தில் 19 மைக்ரான். ஆக, விட்டம் நகர்வது மெஷின் சூடாவதால்: பால்ஸ்குரூ, டூல் தாங்கி, புஷ்ஷின் பேரிங். நீளம் மாறித் தெரிவதில் பெரும்பங்கு, பாகத்தைச் சுடச்சுட எடுத்து அளப்பதால். முதலாவதற்கு, காலையில் பாரை வெட்டாமல் ஸ்பிண்டில், எண்ணெய், ஹெட் எல்லாவற்றையும் வேலைச் சுற்றிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டாவதற்கு, பாகத்தை எண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு கனமான இரும்புப் பலகைமேல் பத்து நிமிடம் கிடத்திவிட்டு அப்புறம் மைக்ரோமீட்டரை எடுங்கள். மைக்ரோமீட்டரையும் சட்டைப் பையில் வைக்காமல் அதே பலகைமேல் வையுங்கள்.